உன் அப்பா மூச்சில் இழுத்த மருந்து

நிட்டெரோய்,
ஆகஸ்ட் 14, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் எவாண்ட்ரோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் சீரியும் குழந்தையும் காய்ச்சல் தலைவலி ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். இங்கே நானும் இருக்கிறேன், என் முட்டி வலியும் இருக்கிறது, இருவரும் சேர்ந்துதான் மாடிப்படி ஏறி இறங்குகிறோம், வேறு குறை இல்லை. இந்த வருடம் ஆகஸ்ட் குளிர் கொஞ்சம் அதிகம், சமையலறைச் சுவரில் மறுபடி ஈரம் கோத்துக்கொண்டது, நீ போனமுறை வந்து பூசிவிட்டுப் போன இடம் மட்டும் அப்படியே இருக்கிறது, மற்ற இடமெல்லாம் உரிகிறது. பக்கத்து வீட்டு நேலியோ புதிதாகச் சேவல் வாங்கியிருக்கிறார், அது நேரம் தெரியாமல் மத்தியானம் இரண்டு மணிக்குக் கூவுகிறது. நார்வேயில் இப்போது இரவு பத்து மணிவரை வெளிச்சம் என்று சொன்னாயே, தடிமனான திரைச்சீலை வாங்கிப் போடு, தூக்கம் கெட்டால் நெருப்புப் பக்கத்தில் நிற்கிற வேலையில் கை தவறும்.

இதைப் போனில் சொல்லாமல் கடிதமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. விஷயம் உன் அப்பாவைப் பற்றியது. அவர் பேச்சை எடுத்தாலே நீ போனை வைத்துவிடுகிறாய், கடிதத்தைக் கீழே வைத்தாலும் பிறகு எடுத்துப் படிக்கலாம். நீ நார்வேக்குப் புறப்பட்ட அன்று விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டே, "அந்த ஆள் செத்தாக்கூட எனக்குச் சொல்லாதம்மா" என்று சொன்னாய். ஒன்பது வருடம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன், இப்போது மீறுகிறேன். உன் அப்பா போன மாதம் இருபத்திமூன்றாம் தேதி வியாழக்கிழமை காலையில் இறந்துபோனார். மூளையில் கட்டி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நிதானமாகப் படிப்பாய் என்றுதான் இங்கேயே எழுதிவிட்டேன். இன்னொரு காரணம், உன் அத்தை இல்டா உனக்கு எழுதப் போவதாகக் கல்லறைத் தோட்டத்தில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். உங்கம்மாதான் என் தம்பிக்கு மருந்தை நிறுத்தினாள் என்று எழுதுவாள். அது பொய் இல்லை, ஆனால் முழுதும் இல்லை. முழுவதையும் நான் எழுதுகிறேன், பிறகு நீ யாரை வேண்டுமானாலும் நம்பிக்கொள்.

நீ போனபிறகு என்னைக் குழந்தைகள் வார்டிலிருந்து மாற்றிவிட்டார்கள். நான்கு வருடமாகப் புதன்கிழமை கிளினிக்கில் இருக்கிறேன். மூளைக் கட்டி ஆபரேஷன் ஆகி, கதிர்வீச்சு கொடுத்து, மாத்திரையும் சாப்பிட்டு, அதற்குப் பிறகும் கட்டி திரும்பி வந்தவர்கள்தான் அங்கே வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு மருந்தை நெபுலைசரில் ஊற்றி மாஸ்க் வழியாக மூச்சில் இழுக்கக் கொடுக்கிறோம், ஒரு நாளைக்கு நான்கு வேளை, வீட்டிலேயே. ஆரஞ்சுத் தோலிலும் புதினாவிலும் செர்ரிப் பழத்திலும் துளித்துளியாக இருக்கிற ஒரு பொருள் அது, அதைச் சுத்தமாக்கி, அளந்து, கலந்து சின்ன சீசாவில் தருகிறார்கள். மூளைக்குப் போகிற இரத்தக் குழாய்களில் ஒரு காவல் இருக்கிறது, வாயில் விழுங்குகிற மருந்து பாதிக்கு மேல் அந்தக் காவலைத் தாண்டாது, மூக்கு வழியாகப் போனால் கொஞ்சம் சுற்றுவழியில் உள்ளே நுழையலாம் என்பது டாக்டர்களின் எண்ணம். எண்ணம்தான், அதைச் சோதிக்கத்தான் ஆய்வு. செடியிலிருந்து வருவது என்றால் எனக்கு இளக்காரம் கிடையாது, குழந்தைகள் வார்டில் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுத்த மருந்தைப் பிஞ்சுக் கைகளில் ஊசியாக ஏற்றினவள் நான், அதில் பிழைத்து வளர்ந்தவர்கள் இன்றைக்கும் கடைத்தெருவில் பார்த்தால் கட்டிப்பிடிக்கிறார்கள். ஆனால் அந்த மருந்துக்கும் அளவு உண்டு, தவறினால் விஷம்.

போன வருடம் மார்ச் மாதம் இரண்டாவது புதன்கிழமை, மேஜையில் வைத்த ஃபைலில் உன் அப்பா பெயரைப் பார்த்தேன். ஜில்வான் என்ற பெயர் ஊரில் நிறையப் பேருக்கு இருக்கும், பிறந்த தேதியைப் பார்த்ததும் சந்தேகம் போய்விட்டது. கூட வந்தது மரினேஸ். அவர் நம்மை விட்டுப் போனபிறகு, அவர் வேலைக்குப் போடுகிற பூட்ஸை வாங்கிப்போக நம் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றாளே, அவளேதான். உனக்கு அப்போது பதினொரு வயது, நீதான் பூட்ஸை எடுத்துக்கொடுத்தாய், மறந்திருக்க மாட்டாய். முடி நரைத்து, சர்ச்சுக்குப் போகிற நீளப் பாவாடையில் வந்திருந்தாள். நான் நேராக டாக்டர் ரெஜானேயிடம் போய் இவர் என்னை விட்டுப் போன கணவர், வேறு யாராவது பார்க்கட்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அடல்ஜீசா, இந்த ஊர்ல யாருக்கு யாரு என்ன உறவுன்னு பார்த்தா நான் கிளினிக்கைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். இருக்கிறதே ரெண்டு நர்ஸ், அதுல ஒருத்தி பிரசவ லீவு. மூச்சு இழுக்கக் கத்துக்குடுங்க, வேறெதுவும் கேக்கல" என்றார். கற்றுக்கொடுத்தேன். மாஸ்க்கை நான்தான் அவர் முகத்தில் பொருத்தினேன், எலாஸ்டிக் காதுக்குப் பின்னால் போகிற இடத்தில் பழைய நெருப்புப் பொறித் தழும்பு அப்படியே இருந்தது. என்னை "சிஸ்டர்" என்றார். நானும் மற்றவர்களிடம் பேசுவது மாதிரியே பேசினேன்.

கட்டி இருந்த இடம் வார்த்தைகளுக்கான இடம். பொருள்களின் பெயரெல்லாம் அவருக்குப் போய்விட்டது, அநேகமாக எல்லாவற்றுக்கும் ராடு என்ற ஒரே வார்த்தை, முப்பது வருடம் கையில் பிடித்த வெல்டிங் ராடு. ஸ்பூன் ராடு, காப்பி ராடு, பஸ் ராடு. ஒரு நாள் மரினேஸைப் பார்த்தும் "ராடு, வா" என்றார். அவள், "நல்லவேளை, துருப்பிடிச்ச ராடுன்னு சொல்லல" என்றாள், காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஜூன் மாத ஸ்கேனில் கட்டி வளரவில்லை, செப்டம்பரிலும் அதே அளவு. மரினேஸ் ஸ்கேன் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள், சர்ச்சில் எழுந்து நின்று சாட்சி சொன்னாளாம், எல்லோரும் கைதட்டினார்களாம். இந்தக் கட்டிகள் சில சமயம் நிற்கும், மருந்தால் நின்றதா தானாக நின்றதா என்பது ஓர் ஆளைப் பார்த்துச் சொல்லக்கூடியதல்ல, அதற்காகத்தான் அத்தனை பேரையும் எழுதிவைத்துக் கூட்டிப் பார்க்கிறார்கள்.

நவம்பரில் அவருக்கு இருமல் வந்தது. ஒன்பது நாளாக விடவில்லை என்றாள் மரினேஸ். யாருக்காவது இருமல் வந்தால் மெஷினைக் கொண்டுவரச் சொல்லிக் கழுவிச் சரிபார்ப்பது வழக்கம், அன்றைக்கு மருந்து ஊற்றுகிற கப்பைத் திறந்தால் கண்ணாடி மாதிரி இருக்கவேண்டிய பிளாஸ்டிக் பால் கலந்தது மாதிரி மங்கிப்போய், விளிம்பில் எண்ணெய் வளையம். வாசனையும் எங்கள் மருந்தின் வாசனை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபெய்ஜுவாடா பீன்ஸ் குழம்போடு வைக்க ஒரு கூடை ஆரஞ்சு உரித்த கையை முகர்ந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மரினேஸைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிப்போய், இதில் என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டேன். முதலில் மருந்துதான் என்றாள். "மருந்து பிளாஸ்டிக்கை இப்படிப் பண்ணாது மரினேஸ்" என்றேன். அப்புறம் சொல்லிவிட்டாள். சந்தையில் ஒரு ஆள் ஆரஞ்சுத் தோல் எண்ணெய் விற்கிறானாம், ஆஸ்பத்திரியில் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதுதான் இது, என்னிடம் கலப்படம் இல்லாதது என்றானாம். "ஆகஸ்டுலேந்து குடுக்கறேன், நாலு வேளைக்கு நடுவுல ரெண்டு வேளை. அதனாலதான் செப்டம்பர்லயும் கட்டி நின்னுச்சுன்னு நெனச்சேன். எழுதாதீங்க அடல்ஜீசாம்மா. எழுதினா நிறுத்திடுவாங்க. உங்களுக்கும் அவரு யாரோ எவரோ இல்லையே" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தோலில் பிழிந்த எண்ணெய் வேறு, எங்கள் மருந்து வேறு, எண்ணெய்ப் புகை நுரையீரலில் படிந்தால் வெந்துபோகும் என்று அவளிடம் யாரும் முன்பே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், அது என் தவறு, அதையும் எழுதிவைக்கிறேன்.

ஃபார்மில் ஒரு வரி இருக்கிறது: இந்த மருந்தைத் தவிர வேறு ஏதேனும் எடுத்துக்கொண்டாரா, ஆம் அல்லது இல்லை. நான் அதன் முன்னால் உட்கார்ந்தேன். ஆய்வில் மொத்தம் முப்பத்திரண்டு பேர். வெளியே பெஞ்சில் கம்போஸ் ஊரிலிருந்து நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர் உட்கார்ந்திருந்தார், அவருக்குக் கட்டி வலது பக்கம். 'இல்லை' என்று போட்டால், உன் அப்பாவின் இருமலும் வெந்த நுரையீரலும் எங்கள் மருந்து செய்த கெடுதலாகக் கணக்காகும், அல்லது கட்டி நின்றது முழுக்க எங்கள் மருந்தின் நன்மையாகக் கணக்காகும், எதுவானாலும் பொய், அந்தப் பொய்யை நம்பி மற்றவர்களுக்கு மருந்து போகும் அல்லது போகாமல் நிற்கும். 'ஆம்' என்று போட்டால் அவர் ஆய்விலிருந்து நிற்பார், மருந்தும் நிற்கும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தையும் சொன்னால்தான் நான் எழுதுவது முழுதாகும். மரினேஸ் என் கையைப் பிடித்து எழுதாதீர்கள் என்று கெஞ்சியபோது, எனக்கு உள்ளே ஒரு திருப்தி வந்தது. பூட்ஸ் வாங்க வந்தவள் இப்போது என்னிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்ற திருப்தி. அது எவ்வளவு நேரம் இருந்தது என்று நான் அளக்கவில்லை. 'ஆம்' என்று குறித்தேன். எழுதவேண்டியதைத்தான் எழுதினேன், ஆனால் கொஞ்சமும் சந்தோஷமில்லாமல் எழுதினேன் என்று என்னால் சொல்ல முடியாது.

அன்றைக்கே அவரை வார்டில் சேர்த்தார்கள், நுரையீரலுக்காக ஆறு நாள். மருந்து நின்றது. டாக்டர் ரெஜானே நெறிமுறைக் குழுவுக்கு எழுதினார், குழு கூடிப் பேசி முடிவு சொல்ல இருபத்தாறு நாள் ஆனது. ஆய்வின் எண்ணிக்கையில் அவரைச் சேர்க்கக் கூடாது, ஆனால் டாக்டரின் பொறுப்பில் மருந்தைத் தொடரலாம் என்று எழுதினார்கள். அந்த இருபத்தாறு நாளுக்குள் ஒரு நாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மரினேஸ் என்னை மறித்தாள். பக்கத்தில் இல்டாவும் இருந்தாள். மரினேஸ் என்னைப் பார்த்து, "இருபது வருஷமா இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தீங்க?" என்றாள். "இருபத்திரெண்டு" என்றேன் நான். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த ஒரு வார்த்தையைத்தான் இல்டா பிடித்துக்கொண்டாள், அதை உனக்கும் எழுதுவாள், நான் சொன்னது உண்மை. ஜனவரி ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. அந்த இருபத்தாறு நாளால் வளர்ந்ததா என்று டாக்டர் ரெஜானேயிடம் கேட்டேன். "தெரியாது. திரும்பி வந்த கட்டி, அது எப்ப எந்திரிக்கும்னு யாருக்கும் தெரியாது. மருந்து அதைப் பிடிச்சு வெச்சிருந்துச்சான்னும் தெரியாது" என்றார். ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டேன். அதே பதிலைச் சொன்னார், வார்த்தைகூட மாறவில்லை. நான் அதை நம்புகிறேன். நம்ப முடியாத நாள்களும் உண்டு.

ஏப்ரலில் அவரால் நடக்க முடியாமல் போயிற்று. வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஆள் வேண்டும் என்று மரினேஸ் கிளினிக்குக்குப் போன் செய்தாள், யார் எடுத்தது என்று தெரிந்ததும் முகவரியை மட்டும் சொன்னாள். சனிக்கிழமைதோறும் சாவோ கோன்சாலோவில் அவர்கள் வீட்டுக்கு பஸ் ஏறிப் போனேன், அது என் டியூட்டி இல்லை, யாரும் போகச் சொல்லவுமில்லை. முதல் வாரம் மரினேஸ் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை, கதவைத் திறந்து ஒதுங்கி நின்று வழி விட்டாள். நாலாவது வாரம் காப்பி கொடுத்தாள். பதினைந்து வாரம் போனேன். மே மாதம் ஒரு சனிக்கிழமை, மாஸ்க்கை மாட்டப் போனபோது அவர் அதைக் கையால் தள்ளிவிட்டு என்னை உற்றுப் பார்த்து, வார்த்தை வார்த்தையாகத் தேடி, "போட்டுக்... குடுத்துட்ட" என்றார். என்ன என்று கேட்டேன். "அன்னைக்கு... ஃபோர்மேன்கிட்ட. இப்ப... டாக்டர்கிட்ட. நீ மாறவே இல்ல, ஜீசா." சொல்லிவிட்டுச் சிரித்தார். உனக்கு நாலு வயது இருக்கும்போது ஒரு காலை அவர் குடித்துவிட்டுச் சாரத்தில் ஏற வேலைக்குப் போனார், நான் பின்னாலேயே போய்க் கப்பல் கட்டும் தளத்து வாசலில் ஃபோர்மேனிடம் சொல்லி ஏறவிடாமல் செய்தேன், மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அதைத்தான் சொன்னார். ஜீசா என்று அவரைத் தவிர யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. எப்போது என்னை அடையாளம் தெரிந்தது என்று கேட்டேன். "முதல்... ராடு" என்றார், முதல் நாள் என்று அர்த்தம். பிறகு ஏன் சிஸ்டர் சிஸ்டர் என்றீர்கள் என்றேன். "நீதான்... சிஸ்டர் மாதிரி இருந்தியே" என்றார். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மரினேஸ் குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள், நான் திரும்பினதும் மறுபடி திறந்தாள்.

உன்னைப் பற்றிக் கேட்டாரா என்று நீ கேட்க மாட்டாய், நானே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு முறை கேட்டார், ஜூன் கடைசியில். உன் பெயர் வரவில்லை. "கப்பல்?" என்றார், கையை உயரக் காட்டினார், கடலுக்கு அந்தப் பக்கம் தூரத்தில் இருக்கிறவன் என்கிற மாதிரி. நார்வேயில் இருக்கிறான், அவனும் வெல்டர், நல்ல பெயர் எடுத்திருக்கிறான், ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்றேன். படுத்தபடியே வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, இல்லாத ராடை விரலில் பிடித்து, மணிக்கட்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக் காட்டினார். நிமிர்ந்து பார்த்துக்கொண்டு தலைக்கு மேலே வெல்டு அடிக்கிறாயா என்று கேட்கிறார் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. தெரியாது என்றேன். கையை இறக்கிவிட்டார். அவ்வளவுதான். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கான வார்த்தை அவரிடம் மிச்சம் இருந்ததா, இருந்தாலும் கேட்டிருப்பாரா, எனக்குத் தெரியாது. கேட்டதாக எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் நடக்காததை நான் எழுத மாட்டேன்.

இறந்தபோது மரினேஸ் பக்கத்தில் இருந்தாள், கஷ்டப்படவில்லை என்றாள், மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்து நின்றதாம். மறுநாள் அடக்கம். நான் பின்னால் நின்றேன். பாஸ்டர் ஜெபம் முடித்ததும் இல்டா என் பக்கம் திரும்பி, "மருந்தை நிறுத்திக் கொன்னவ, மாலை போட வந்துட்டா. இரு, உன் மகனுக்கு எழுதறேன்" என்று கத்தினாள். மரினேஸ்தான் திரும்பினாள். "அவங்க எழுதினாங்க, அவ்வளவுதான். ஊத்தினது நான். பேசறதுன்னா என்னைப் பேசுங்க" என்றாள். இல்டா அதைக் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. மரினேஸ் பஸ் நிறுத்தம்வரை என்னோடு நடந்து வந்தாள், என் பஸ் வந்ததும் கையைத் தூக்கிக் காட்டினாள்.

இனி உன்னிடம் கேட்கவேண்டியது. இந்த உறைக்குள் இரண்டு பக்க ஃபார்ம் ஒன்று வைத்திருக்கிறேன். எங்கள் கிளினிக்குக்கு இரண்டு மாடி மேலே ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது, அங்கே நெய்தே என்று என் வயதுப் பெண், மத்தியானச் சாப்பாடு என்னோடுதான். உன் அப்பாவுக்கு இரண்டாவது ஆபரேஷன் நடந்தபோது எடுத்த கட்டியில் ஒரு துண்டை அவள் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்துவருகிறாள். அவர் போய்விட்டார், அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. போன வாரம் புதன்கிழமை என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். கால் நீட்டிய நட்சத்திரம் மாதிரி, நெருக்கியடித்துக்கொண்டு, நிறைய. பக்கத்துத் தட்டில் எங்கள் மருந்தை விட்டிருந்தாள், அதில் எல்லாம் சுருங்கி உருண்டு மிதந்தன. இன்னொன்றில் மஞ்சளிலிருந்து எடுத்தது, இன்னொன்றில் வடக்கே அமேசான் பக்கத்து மரப்பட்டை ஒன்றிலிருந்து எடுத்தது, அவற்றிலும் பாதிக்கு மேல் செத்திருந்தன. அப்படியானால் இவ்வளவு செடி இருக்கிறதே, ஏன் ஒருவரும் பிழைக்கவில்லை என்று நான் கேட்டது முட்டாள்தனமான கேள்விதான், இருந்தாலும் கேட்டேன். நெய்தே கோபப்படவில்லை. "தட்டுல எதை ஊத்தினாலும் சாகும் அடல்ஜீசா, வினிகர் ஊத்தினாக்கூடச் சாகும். தலைக்குள்ள போய், இதை மட்டும் கொன்னு, மத்ததை விட்டுட்டு வரணும். அந்த இடத்துலதான் எல்லாம் தோத்துப்போகுது. தோக்காத ஒண்ணு இருக்கான்னுதான் தேடிக்கிட்டிருக்கேன்" என்றாள். உன் அப்பாவின் கட்டி சீக்கிரம் வளர்கிற ரகம், உறைய வைத்து எடுத்தாலும் பிழைத்துக்கொள்கிறது, அதனால் மற்ற ஊர் சோதனைக்கூடங்களும் அதைக் கேட்கின்றனவாம், புதிய செடிப் பொருள்களைச் சோதித்துப் பார்க்க. அவர் ஆய்வில் சேர்ந்தபோது சம்மதக் கையெழுத்து போட்டிருக்கிறார். ஆனால் வார்த்தையெல்லாம் போனபிறகு போட்ட கையெழுத்து என்பதால், இறந்த பின் தொடர்ந்து வைத்திருக்க நெருங்கியவர்கள் சம்மதிக்கவேண்டும் என்று குழு சொல்கிறது. மரினேஸ் போட்டுவிட்டாள். பெற்ற பிள்ளையின் கையெழுத்தும் வேண்டும், அவர்களுக்குக் குழந்தை இல்லை, நீ ஒருவன்தான்.

சம்மதம் என்று ஒரு கட்டம், சம்மதமில்லை என்று ஒரு கட்டம். இரண்டாவதைக் குறித்தால் நெய்தே தட்டுகளை ஆவியில் வேகவைத்து அப்புறப்படுத்திவிடுவாள், உன்னிடம் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள், நானும் கேட்க மாட்டேன். எனக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை என்று சொன்னால் பொய், ஆனால் அதை இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. எனக்காக எதையும் குறிக்காதே, அவர்மேல் உள்ள கோபத்துக்காகவும் குறிக்காதே, அப்படிக் குறித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் வைத்திருந்து பார், முடிந்தால் சீரியிடம் சொல்லு, அவள் பொறுமையாகக் கேட்கிற பெண். அவளிடம் உன் அப்பாவைப் பற்றி இதுவரை என்ன சொல்லியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது, ஒன்றும் சொல்லாமலே இருந்திருந்தால் இது ஒரு சமயம். வேலையில் தலைக்கு மேலே வெல்டு அடிக்கிறாயா என்று எனக்கும் தெரியவேண்டும், அடிப்பதானால் கழுத்தைச் சுற்றித் தோல் துணி போட்டுக்கொள், பொறி காதுக்குப் பின்னால்தான் விழும். குழந்தைக்குச் சளி பிடித்தால் ஊரார் சொல்கிற எண்ணெய் எதையும் நெபுலைசரில் ஊற்றாதே, டாக்டர் கொடுத்ததை மட்டும் ஊற்று. பீன்ஸ் அங்கே கறுப்பு கிடைக்கவில்லை என்றாயே, அடுத்த மாதம் நேலியோவின் மகள் லிஸ்பன் வழியாக அங்கே வருகிறாள், இரண்டு கிலோவும் மரவள்ளி மாவும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போனில் பேசத் தொடங்கும்போது நீ ஆசீர்வாதம் கேட்பாய், கடிதத்தில் அது முடியாது, அதனால் கேட்காமலே தருகிறேன், கடவுள் உன்னையும் உன் வீட்டாரையும் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். ஃபார்மைக் கறுப்பு மையில் எழுது, அடித்துத் திருத்தக்கூடாது, திருத்தினால் குழு ஏற்காது, அதனால் உன் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், முகவரி எல்லாவற்றையும் நான் பென்சிலால் லேசாக எழுதிவைத்திருக்கிறேன், அதன்மேல் எழுதிக்கொண்டு போனால் போதும். இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று மூன்றாவது வரியில் ஒரு கேள்வி இருக்கிறது. அதை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அது நீயே எழுதவேண்டியது.

இப்படிக்கு,
உன் அம்மா
அடல்ஜீசா